பேஸ்கேம்ப்: ஆளைக் கண்காணிக்காமல் வேலையைப் பார்க்க ஒரு கருவி

வீட்டிலிருந்தும் வெளியூரிலிருந்தும் வேலை பார்க்கும் டீமை நடத்துகிறவருக்கு இரண்டு கவலைகள் மாறி மாறி வரும். வேலை நடக்கிறதா என்று தெரியவில்லையே என்பது ஒன்று. அடிக்கடி கேட்டால் நல்ல ஆட்கள் முகம் சுளிப்பார்களே என்பது இன்னொன்று. முதல் கவலை கை ஓங்கினால் காலையில் ஒரு கால், மாலையில் ஒரு கால், நடுநடுவே "ஏதாவது அப்டேட் இருக்கா?" என்று ஒரு மெசேஜ். இரண்டாவது கை ஓங்கினால் யாரும் யாரையும் கேட்பதில்லை. முதல் வாரமே ஒருவர் முட்டுச்சந்தில் நின்றுவிட்டார் என்பது டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால்தான் தெரியவரும். கெட்டிக்காரர்கள் நிறைந்த டீமில் இந்த இரண்டாவது ஆபத்து அதிகம். மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல அதிகம் தயங்குகிறவர்கள் அவர்கள்தான். இன்னும் அரை நாள் கிடைத்தால் நானே அவிழ்த்துவிடுவேன் என்று நினைப்பார்கள். அந்த அரை நாள் நீண்டுகொண்டே போகும்.

இந்த இரண்டு கவலைகளுக்கும் நடுவில் வழி போட்டுத் தருகிற மென்பொருள்களில் பேஸ்கேம்ப் முக்கியமானது. எல்லா வேலைக்கும் இது ஏற்றதல்ல. சில இடங்களில் வெறும் கையோடு நிற்கும். ஆனால் டீமின் மனத்தெம்பைக் காப்பாற்றுவது என்ற ஒரு விஷயத்தில் இதன் இரண்டு வசதிகள் வேறெங்கும் இவ்வளவு நேர்த்தியாக அமையவில்லை என்பது எங்கள் முடிவு. ஒன்று தானியங்கிக் கேள்வி (ஆட்டோமேட்டிக் செக்-இன்), மற்றொன்று மலைப்படம் (ஹில் சார்ட்). இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அவற்றைப் பற்றித்தான்.

பேஸ்கேம்ப்பைச் செய்வது சிகாகோவின் 37சிக்னல்ஸ். 2004இல் வெளியானது. அப்போது நிறுவனர்களில் ஒருவரான ஜேசன் ஃபிரைட் சிகாகோவில், நிரல் எழுதிய டேவிட் ஹைனமையர் ஹான்சன் கோபன்ஹேகனில். இரண்டு ஊருக்கும் 7 மணி நேர வித்தியாசம். இதைக் கட்டும்போது பிரித்தெடுத்த, இணையச் செயலிகளை எழுத உதவும் சட்டகம்தான் பிறகு ரூபி ஆன் ரெயில்ஸ் என்று உலகமெங்கும் பரவியது. தூரத்தில் இருந்தபடி செய்த பொருள் என்பதால் அதன் அமைப்பிலேயே ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது: எதிராளி இப்போது விழித்திருக்க வேண்டும் என்று அது எங்கேயும் எதிர்பார்ப்பதில்லை. யார் ஆன்லைனில் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளி இதில் கிடையாது. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டோம் என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. பச்சைப் புள்ளி அணையாமல் இருக்க மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கும் ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒரு ப்ராஜெக்ட்டைத் திறந்தால் ஒரே பக்கத்தில் பெட்டிகள் இருக்கும்: மெசேஜ் போர்டு, டூ-டூ பட்டியல், கோப்புகள், நாள்காட்டி, சாட், கார்டு டேபிள் (வேலைகளை அட்டைகளாக்கி நகர்த்தும் பலகை). வேண்டாததை அணைத்துவிடலாம். புதிதாகத் தொடங்கும் டீமுக்கு முதல் அறிவுரை, முதல் மாதம் சாட்டை அணைத்து வையுங்கள் என்பதே. கேட்கக் கடினமாக இருக்கும். சாட் திறந்திருந்தால் எல்லாம் அங்கேதான் போய் விழும். முடிவுகள் நூறு வரிகளுக்கு நடுவில் புதையும். மறுநாள் காலையில் விழித்தவர் மேலே மேலே உருட்டித் தேடுவார். மெசேஜ் போர்டில் எழுதினால் தலைப்பு உண்டு, கீழே பதில்கள் வரிசையாக உண்டு, ஆறு மாதம் கழித்தும் கிடைக்கும். ஒரு தலைப்புக்கு ஒரு விஷயம் என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். "வார அப்டேட் மற்றும் லீவு மற்றும் சர்வர் பிரச்சனை" என்று ஒரு மெசேஜ் எழுதினால் சாட்டில் எழுதியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இனி தானியங்கிக் கேள்வி. ப்ராஜெக்ட்டில் ஒரு கேள்வியை எழுதி, எந்தெந்த நாள், எந்த நேரம், யார் யாருக்கு என்று குறித்துவிட்டால் பேஸ்கேம்ப்பே அவர்களைக் கேட்கும். தினமும், வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை என்று வைக்கலாம். பதில்கள் ஒரே பக்கத்தில் தேதிவாரியாகச் சேரும். அந்த ப்ராஜெக்ட்டில் இருக்கும் மற்றவர்களும் படிக்கலாம். டீம் முழுவதும் சேர்ந்து நிலவரம் சொல்லும் காலை ஸ்டாண்டப் காலுக்கு இது நேரடி மாற்று. 9 பேர் டீமில் தினமும் 20 நிமிட கால் என்றால் ஒரு நாளைக்கு 3 மணி நேர உழைப்பு, வாரத்துக்கு 15 மணி நேரம். எழுதுவதற்கு ஒருவருக்கு 4 நிமிடம், எல்லாருடையதையும் படிக்க ஒரு 5 நிமிடம் போதும். அதுவும் அவரவருக்கு ஒழிந்த வேளையில்.

37சிக்னல்ஸ் தன் ஆட்களைக் கேட்பதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் வேலை பற்றிய கேள்விகள் இரண்டு: நாள் முடிவில் இன்று எதில் வேலை பார்த்தீர்கள், திங்கள் காலை இந்த வாரம் எதில் வேலை பார்க்கப் போகிறீர்கள். இதற்கு மேல் வேண்டியது மிகக் குறைவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை, "உங்கள் வேலையை மெதுவாக்குவது எது? அதில் நான் எடுத்துவிடக்கூடியது எது?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் டீமை நடத்தும் லீடுக்கு உரிய வேலை தானாகக் கைக்கு வரும். மாதத்துக்கு ஒரு முறை வேலைக்கு வெளியே ஒரு கேள்வி இருக்கலாம்; அண்மையில் படித்தது, சமைத்தது, பிள்ளைகள் செய்த சேட்டை, எதுவானாலும். முகம் பார்க்காத டீமில் இப்படிப்பட்ட பேச்சுக்கு வேறு வாசல் இல்லை. மொத்தம் நான்கு கேள்விகள். ஐந்தாவதைச் சேர்த்தால் முதல் நான்குக்கும் பதில் சுருங்கும்.

கேள்வியை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. "இன்று எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டால் 8 என்று பதில் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது. "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்றால் மூன்று வாரமாக 90 என்றே வரும். "இன்று எது நகர்ந்தது, எது நகரவில்லை?" என்று கேட்டால் எழுதுகிறவர் தன் வேலையை ஒரு முறை திரும்பிப் பார்த்தே தீர வேண்டும். ஒரே நாளின் இரண்டு பதில்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"லாகின் பக்க வேலை. தொடர்கிறது."

"ஓடிபி இரண்டு முறை போவதற்குக் காரணம் பிடிபட்டது. பொத்தானை வேகமாக இருமுறை தட்டினால் இரண்டு ரிக்வெஸ்ட் போகிறது. முதல் தட்டிலேயே பொத்தான் பூட்டிக்கொள்ளும்படி செய்தாயிற்று. சர்வர் பக்கத்திலும் தடுக்க வேண்டும். அதற்கு அந்த டேபிளில் கை வைக்க அனுமதி வேண்டும், யாரிடம் கேட்பது?"

இரண்டாவது பதிலில் லீடுக்கு ஒரு வேலை இருக்கிறது, சக ஊழியருக்கு ஒரு பாடம் இருக்கிறது, எழுதியவருக்கு இன்று நான் ஒன்றைச் சாதித்தேன் என்ற நிறைவு இருக்கிறது. இந்த மூன்றாவது விஷயம் சாதாரணமல்ல. ஹார்வர்டின் தெரசா அமபிலே 7 நிறுவனங்களில் 238 பேரிடம் தினமும் டைரி எழுதச் சொல்லி, ஏறத்தாழ 12,000 பதிவுகளை ஆராய்ந்தார். ஒருவரின் வேலை நாள் நல்ல நாளாக அமைவதற்கு வேறெதையும்விட அதிகக் காரணமாக இருந்தது, அர்த்தமுள்ள வேலையில் ஒரு சின்ன முன்னேற்றம் என்பதே. ஆபீஸில் அந்த முன்னேற்றத்தைப் பக்கத்து நாற்காலிக்காரர் பார்ப்பார். வீட்டில் தனியாக அமர்ந்திருப்பவருக்கு அது நடந்ததும் தெரியாது, யாரும் பார்த்ததும் தெரியாது. மாலைக் கேள்விக்குப் பதில் எழுதுவது அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது.

ஆனால் இந்த வசதி நான்காவது வாரத்தில் செத்துப்போவதும் சகஜம். முதல் வாரம் எல்லாரும் பத்தி பத்தியாக எழுதுவார்கள். இரண்டாம் வாரம் இரண்டு வரி. நான்காம் வாரம் "நேற்றைய வேலையே". காரணம் சோம்பல் என்று லீட் நினைத்துக்கொள்வார்; பெரும்பாலும் அதுவல்ல. எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பது எழுதியவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்கு மருந்து: லீட் தன் பதிலை மற்றவர்களுக்கு முன்னால் எழுத வேண்டும், அதில் தனக்கு நகராததையும் சேர்த்து. ஒவ்வொரு நாளும் குறைந்தது இரண்டு பதில்களுக்குக் கீழே, படித்தேன் என்று காட்டும் குறிப்பான ஒரு வரி போட வேண்டும். தடை என்று ஒருவர் எழுதினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கு ஒரு முடிவோ தேதியோ சொல்ல வேண்டும். தடையை எழுதி, பதில் வராமல் போன ஒரே ஒரு அனுபவம் போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த ஆள் தடை எதையும் எழுத மாட்டார்.

இன்னும் வேகமாகக் கொல்லும் காரணங்கள் இரண்டு உண்டு. பதிலுக்குக் கீழே, எல்லார் கண் முன்னாலும், "இவ்வளவுதானா?" என்ற தொனியில் லீடோ அவருக்கு மேலே இருப்பவரோ ஒரு வரி எழுதுவது முதல் காரணம். அடுத்த நாளிலிருந்து எல்லாருடைய பதிலும் அலங்காரமாகிவிடும். உண்மை வேறெங்காவது போய்விடும். இரண்டாவது, அப்ரைசல் நேரத்தில் யார் எத்தனை நாள் பதில் எழுதினார் என்று எண்ணுவது. அன்றோடு இது வருகைப் பதிவேடாகிவிடும். இந்த இரண்டையும் செய்ய மாட்டோம் என்று முதல் நாளே மெசேஜ் போர்டில் எழுதி, மேலாளர்களின் ஒப்புதலையும் அதே இடத்தில் வாங்கி வைப்பது நல்லது.

மலைப்படம் 2018இல் வந்தது. டூ-டூ பட்டியலின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து மலைப்படத்தில் காட்டு என்று சொன்னால் அந்தப் பட்டியல் ஒரு புள்ளியாக மாறி ஒரு குன்றின் அடிவாரத்தில் வந்து நிற்கும். இடதுபக்கச் சரிவு ஏற்றம்: எப்படிச் செய்வது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கட்டம். உச்சி: வழி தெரிந்துவிட்டது, இனி மர்மம் ஒன்றுமில்லை. வலதுபக்கம் இறக்கம்: செய்துமுடிக்கும் கட்டம். அந்த வேலைக்குப் பொறுப்பானவர் புள்ளியைக் கையால் இழுத்து வைத்து, ஒரு குறிப்பு எழுதிச் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு சேமிப்பும் தேதியோடு நிற்கும். பின்னால் போய் வரிசையாகப் பார்க்கலாம்.

டூ-டூ டிக் ஆக ஆகப் புள்ளி தானாக நகராது. முதலில் பார்ப்பவர்கள் இதைக் குறை என்பார்கள். இதுதான் இதன் உயிர். பத்தில் ஏழு டிக் ஆகியிருக்கலாம். மீதி மூன்றில் ஒன்று, யாருக்கும் வழி தெரியாத ஒன்றாக இருக்கலாம். சதவீதக் கணக்கு 70 என்று சொல்லும். செய்பவர் மனசுக்குத் தெரியும், இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று. அந்த உள்ளுணர்வைச் சொல்ல ஒரு மரியாதையான வழி வேண்டும். "எனக்கு இது புரியவில்லை" என்று வாயால் சொல்லத் தயங்குகிற கெட்டிக்காரரும், புள்ளியை ஏற்றத்தின் பாதியில் வைக்கத் தயங்க மாட்டார். ஏனென்றால் எல்லாப் புள்ளியும் அந்தப் பாதியைக் கடந்துதான் போக வேண்டும்.

படத்தை எப்படி வாசிப்பது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. தொடர்ந்து இரண்டு முறை புதுப்பித்தும் ஒரு புள்ளி ஏற்றத்தில் அதே இடத்தில் நின்றால், அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டிய வேளை வந்துவிட்டது. கேட்க வேண்டியது "ஏன் தாமதம்" என்பதல்ல. "இதில் எந்தத் துண்டு தெரியவில்லை" என்பது. பெரும்பாலும் அந்தத் துண்டைப் பிரித்துத் தனிப் பட்டியலாக்கினால் மீதி மளமளவென்று இறங்கும். உச்சிக்குப் போன புள்ளி திரும்பக் கீழே வந்தால் பயப்பட வேண்டாம். புதிதாக ஒன்று தெரியவந்திருக்கிறது, அதை மறைக்காமல் காட்டியவருக்கு அங்கேயே ஒரு நன்றி எழுதுங்கள். முதல் நாளிலேயே ஒரு புள்ளி உச்சியில் போய் உட்கார்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். யோசித்துப் பார்த்தாயிற்று என்பதை வைத்து உச்சிக்குப் போயிருப்பார்கள். கையால் ஒரு மாதிரியாவது செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பட்டியலுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதிலும் தவறு நடக்கும். "டிசைன்", "பேக்எண்ட்", "டெஸ்டிங்" என்று ஆட்களின் வேலைப் பிரிவுப்படி வைத்தால் மலைப்படம் ஒன்றும் சொல்லாது; டெஸ்டிங் என்ற புள்ளி கடைசி வாரம் வரை அடிவாரத்திலேயே கிடக்கும். "பணம் திருப்பித் தருதல்", "ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புதல்", "பழைய வாடிக்கையாளர் கணக்கை மாற்றுதல்" என்று, தனியாக முடித்து இயக்கிக் காட்டக்கூடிய துண்டுகளாக வைக்க வேண்டும். அப்போது டிசைன் செய்பவரும் நிரல் எழுதுபவரும் ஒரே புள்ளியின் பின்னால் நிற்பார்கள். ஒரு படத்தில் பத்துப் புள்ளிக்கு மேல் போனால் கண் தடுமாறும். வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், புதுப்பித்தால் போதும். தினமும் கேட்டால் சும்மா ஒரு மில்லிமீட்டர் தள்ளிவைப்பார்கள்.

37சிக்னல்ஸ் தன் வேலையை 6 வாரச் சுற்றுகளாகவும், நடுவில் 2 வாரம் மூச்சுவிடும் இடைவெளியாகவும் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில் என்ன செய்யப் போகிறோம், முடிவில் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு டீம் தலைவரும் ஒரு நீண்ட மெசேஜ் எழுதி எல்லாரும் படிக்க வைக்கிறார். மென்பொருளில் இதற்கென்று தனிப் பொத்தான் எதுவும் இல்லை. மெசேஜ் போர்டே போதும். 6 வாரம் உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இந்த எழுத்துப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தன் மூன்று வாரத் தலைவலி மொத்த வேலையில் எங்கே பொருந்தியது என்று தூரத்தில் இருப்பவர் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அது.

பாராட்டு விஷயத்தில் பேஸ்கேம்ப் தருவது பூஸ்ட் என்ற சின்ன வசதி. எந்தப் பதிவின் கீழும் 16 எழுத்துக்குள் ஒரு சொல்லோ ஈமோஜியோ ஒட்டலாம். இனிமையான வசதி, ஆனால் லீட் அதோடு நிறுத்தக்கூடாது. கைதட்டல் ஈமோஜி எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் விழும்போது அதன் எடை போய்விடும். யாராவது உண்மையிலேயே நல்ல வேலை செய்தால் மெசேஜ் போர்டில் தலைப்போடு நான்கு வரி எழுதுங்கள்: என்ன செய்தார், அதில் கடினமானது எது, அதனால் யாருக்கு என்ன நன்மை. "அருமை டீம்!" என்று எழுதுவதற்கும், "நள்ளிரவில் பேமெண்ட் நின்றபோது லாகைப் படித்துக் காரணம் கண்டுபிடித்ததோடு நில்லாமல், அடுத்தவருக்கு உதவுமென்று படிகளைக் கோப்பாக எழுதி வைத்தார்; நேற்று அதைப் பார்த்துத்தான் 10 நிமிடத்தில் சரிசெய்தோம்" என்று எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதைப் பெற்றவர் அந்த இணைப்பை வருடக்கணக்கில் வைத்துக்கொள்வார்.

நேர வித்தியாசத்துக்கு உதவுவது வொர்க் கேன் வெயிட் என்ற அமைப்பு. அவரவர் தன் வேலை நாளையும் நேரத்தையும் குறித்துவிட்டால் அதற்கு வெளியே நோட்டிஃபிகேஷன் வராது, பதிவுகள் காத்திருக்கும். சென்னையில் பாதிப் பேர், டொரண்டோவில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் 9½ மணி நேரம், குளிர்காலத்தில் 10½ மணி நேர வித்தியாசம். டொரண்டோவின் காலை 9 மணி சென்னையில் மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7:30. சேர்ந்து பேசக் கிடைப்பது சென்னைக்காரர்களின் சாப்பாட்டு நேரம்தான். அதை வாரத்துக்கு இரண்டு நாளோடு நிறுத்தி, எந்தப் பக்கம் சிரமப்படுவது என்று மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். மீதி எல்லாம் எழுத்தில். கடிகாரம் மாறும் மார்ச், நவம்பர் வாரங்களில் தவறிய அழைப்பை வைத்து யாரும் யாரையும் குறை சொல்லாதிருக்க, அந்த இரண்டு ஞாயிறுகளையும் பேஸ்கேம்ப் நாள்காட்டியில் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுங்கள்.

இந்த அமைப்பை எல்லாரும் போட்டுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவர், இரவில் பதில் சொல்லாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நோட்டிஃபிகேஷனை அணைக்காமல் விடுவார். அதனால் சேரும் நாளிலேயே, லீட் பக்கத்தில் இருந்து, திரையைப் பகிர்ந்து இதைப் போட வைக்க வேண்டும். லீடின் சொந்த நேரமும் அதில் தெரியும்படி சொல்லிவிட வேண்டும். இரவு 11 மணிக்கு பிங் (தனி மெசேஜ்) அனுப்பிவிட்டு "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று எழுதுவதில் பயனில்லை. அதை மெசேஜ் போர்டில் எழுதியிருக்கலாம்.

நோட்டிஃபிகேஷனில் இன்னொரு தொல்லை. மெசேஜ் போடும்போது ப்ராஜெக்ட்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரிவி என்பது இயல்பாகவே தேர்வாகி இருக்கும். மாற்றாமல் விட்டால் 30 பேர் ப்ராஜெக்ட்டில் ஒவ்வொரு சின்ன விஷயமும் 30 பேருக்குப் போகும். ஒரு மாதத்தில் எல்லாரும் அறிவிப்புகள் சேரும் ஹே மெனுவைப் படிக்காமலே தள்ளிவிடப் பழகிவிடுவார்கள். சம்பந்தப்பட்டவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை லீட்தான் முதலில் காட்ட வேண்டும். மின்னஞ்சலில் வரும் அறிவிப்புக்கு அங்கிருந்தே பதில் அனுப்பினால் அது உரிய இடத்தில் போய்ச் சேருவது நல்ல வசதி. பயணத்தில் இருப்பவர்களுக்கும், இன்னொரு மென்பொருள் வேண்டாம் என்று முரண்டு பிடிப்பவர்களுக்கும் உதவும்.

குறைகளுக்கு வருவோம். இந்த வேலை முடிந்தால்தான் அந்த வேலை தொடங்கும் என்று இரண்டு டூ-டூக்களைக் கட்டிப்போட வழியில்லை. வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் கேன்ட் படம் இல்லை. கட்டுமானம், பெரிய அளவிலான ஹார்டுவேர் தயாரிப்பு, பத்து நிறுவனங்கள் கோத்துச் செய்யும் வேலை ஆகியவற்றுக்கு இது போதாது. பிழைகளை ஆயிரக்கணக்கில் வகைப்படுத்தி எந்த வெர்ஷனில் வந்தது என்று தேடுகிறவர்களுக்கு ஜிரா போன்றவைதான் சரி. கார்டு டேபிள் அந்த ஆழத்துக்குப் போகாது. வேலைகளைக் கட்டிப்போடும் திட்டமிடல் முக்கியம் என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ப்ராஜெக்ட்ஸ் அதைத் தருகிறது. பேஸ்கேம்ப்புக்குள் வீடியோ கால் இல்லை; ஜூமோ மீட்டோ வெளியே வைத்து இணைப்பை மட்டும் இங்கே போட வேண்டும். மெனுக்கள் தமிழில் கிடையாது. தமிழில் எழுதலாம், படிக்கலாம். மாலைக் கேள்வியையே தமிழில் வைத்தால் பதில்கள் நீளமாகவும் மனம்விட்டும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர் ஒருவர் டீமில் இருந்தாலும் இதைச் செய்து பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு எல்லை உண்டு. தனியாகப் பேசும் உரையாடலுக்கு இந்த மென்பொருளில் ஈடு இல்லை. லீடும் ஒரு ஊழியரும் மட்டும் இருக்கும் தனி ப்ராஜெக்ட்டை உருவாக்கி, பேச வேண்டியதை ஊழியர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், பேசி முடித்ததும் ஒப்புக்கொண்டதைக் குறிக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த 30 நிமிடம் குரலில் நடக்க வேண்டும். சம்பளம், அடுத்த பதவி, வீட்டுச் சூழல், சக ஊழியரோடு மனக்கசப்பு இவையெல்லாம் செக்-இன் பதிலில் வராது. இதற்கு உதாரணம் தேட வெளியே போக வேண்டாம். 2021 ஏப்ரலில் 37சிக்னல்ஸ், அப்போது பேஸ்கேம்ப் என்ற பெயரிலேயே இருந்தது, அலுவலகக் கணக்கில் அரசியல், சமூகப் பிரச்சனைகளைப் பேசக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. சில நாட்களிலேயே ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் விலகினார்கள். எழுத்துப் பழக்கத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்த நிறுவனம் அது. தானியங்கிக் கேள்விகள் அங்கே தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டீம் உடைவதற்கு முன்னால் எழும் சத்தம் அந்தப் பக்கத்தில் கேட்காது. கேட்கும் இடம் அந்த 30 நிமிடம்தான்.

விலை. இதை எழுதும் நேரத்தில் ஒருவருக்கு மாதம் 15 டாலர். எத்தனை பேரானாலும் ஒரே கட்டணம் என்ற திட்டம், வருடக் கணக்கில் கட்டினால் மாதம் 299 டாலர். 20 பேர் வந்தால் இரண்டும் ஏறத்தாழ சமம். அதற்குமேல் இரண்டாவது லாபம். வாடிக்கையாளரையும் வெளி ஆட்களையும் விருந்தினராகச் சேர்க்கக் காசு இல்லை. ஒரு ப்ராஜெக்ட் மட்டும் நடத்த இலவசத் திட்டம் உண்டு. கேள்வி-பதிலும் மலைப்படமும் உங்கள் டீமுக்கு ஒத்துவருமா என்று பார்க்க அதுவே போதும். இந்தியாவிலிருந்து கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் உறுதிப்பாடு வேண்டும். 12 பேர் ஆனாலே 180 டாலர். டாலர் 84 ரூபாயைத் தாண்டினால் அந்த எல்லையையும் தாண்டிவிடும். கட்டணம் நடுவழியில் நின்று கணக்கு முடங்குவதைவிட உங்கள் திட்டத்தில் வழி இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை கட்டுவது நிம்மதி. வரியைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

தொடங்குபவர்கள் நிறுவனம் முழுவதையும் ஒரே நாளில் இதற்குள் இழுக்க வேண்டாம். 5 முதல் 9 பேர் கொண்ட ஒரே டீம், உண்மையான ஒரே வேலை, 6 வாரம். முதல் நாள் ப்ராஜெக்ட்டைத் திறந்து, சாட்டை அணைத்து, வேலை எதற்காக என்று லீட் ஒரு பக்கத்துக்கு எழுதுவது. இரண்டாம் நாள் திங்கள் கேள்வியும் மாலைக் கேள்வியும். முதல் வார முடிவில் வேலையைத் துண்டுகளாகப் பிரித்து மலைப்படம். தடை பற்றிய வெள்ளிக் கேள்வியை இரண்டாம் வாரத்தில் சேர்த்தால் போதும். அதற்குள் எழுத்து பழகியிருக்கும். பழைய ஸ்டாண்டப் காலை அந்த 6 வாரமும் உண்மையாகவே நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் எழுதியதையே வாயால் படிப்பார்கள்; மூன்றாம் வாரம் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

6 வாரம் கழித்து ஒத்துவரவில்லை என்றால் கணக்கின் உரிமையாளர் எல்லாப் பதிவையும் ஹெச்டிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மெசேஜ்கள், பதில்கள், கோப்புகள் எல்லாம் பிரௌசரில் திறந்து படிக்கும்படி வரும். கணக்கை மூடுவதற்கு முன்பே இறக்கி, இரண்டு இடத்தில் வைத்து, ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.